கடற்கரைக்கு பைபிளோட போறவங்களுக்கு: காசிமேட்லேர்ந்து எண்ணூர் வரைக்கும்

எங்க சர்ச்ல புதுசா வர்ற ஒரு தங்கச்சி போன மாசம் கேட்டுச்சு, "அக்கா, கடல்கிட்ட போய் உக்காந்தா ஆண்டவர் பேசுவார்னு எல்லாரும் சொல்றாங்களே, நானும் போய் ஒரு மணி நேரம் உக்காந்தேன், காலெல்லாம் மணல் ஒட்டுச்சு, வேற ஒண்ணும் நடக்கல, எங்கிட்ட தான் ஏதாவது கோளாறா?" கோளாறு எதுவும் இல்லமா, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம் அதுக்கு சொன்னதையெல்லாம் இங்க எழுதி வெக்கிறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி வாலிபர் கூட்டத்துக்கு திருவொற்றியூர் கடற்கரையில ஒரு தியானம் நடத்த சொன்னாங்க, நானும் வீட்லயே எழுதி ரெடி பண்ணிட்டு போனேன், கடலோட ஆழம் மாதிரி தேவனோட அன்பும் ஆழம், அலை மாதிரி கிருபை திரும்ப திரும்ப வரும், இந்த மாதிரி. பக்கத்துல கூடைய கவுத்துப் போட்டு உக்காந்திருந்த மீன்கார அம்மா ஒருத்தங்க ஃபுல்லா கேட்டுட்டு கடைசில சொன்னாங்க, "ஆழம்னா உங்களுக்கு நல்ல விஷயமா பாப்பா? எங்களுக்கு ஆழம்னா போன ஆள் திரும்பி வராத எடம்." எனக்கு வாயடைச்சு போச்சு. அன்னிலேர்ந்து பாடத்த வீட்லேர்ந்து கட்டிக்கிட்டு கடலுக்கு போறத விட்டுட்டேன். நான் சொல்லப்போற வழி மொத்தமும் அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையிலேர்ந்து வந்தது தான், முதல்ல பாரு, அப்புறம் கேளு, வசனம் அதுக்கப்புறம்.

எங்க போறது, எப்ப போறது

மெரினா வேணாம். கூட்டம், பஜ்ஜி, பலூன், மனசு நிக்காது. நம்ம பக்கம் மெட்ரோ வந்ததுலேர்ந்து ஈஸி, காலடிப்பேட்டையிலயோ திருவொற்றியூர் தேரடியிலயோ எறங்கி கிழக்கால நடந்தா கடல் தான், நடுவுல எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேய மட்டும் ஜாக்கிரதையா தாண்டணும், கன்டெய்னர் லாரிங்க வரிசையா வரும், தியானம் பண்ற மூட்ல ரோட்டை கிராஸ் பண்ணாதீங்க. இன்னும் வடக்கால போகணும்னா எண்ணூர் ஸ்டேஷன்ல எறங்கி நெட்டுக்குப்பம் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடம். காசிமேடு பார்க்கணும்னா ராயபுரத்துலேர்ந்து ஷேர் ஆட்டோ போதும்.

நேரம் விடியக்காலை. நம்ம கடல் கிழக்க பார்த்தது, சூரியன் தண்ணிக்குள்ளேர்ந்து ஏறும், ஜூன் மாசம் அஞ்சே முக்காலுக்கெல்லாம் வந்துடும், ஜனவரில ஆறரை தாண்டிடும். அரை மணி முன்னாடியே போய் இருட்டுல உக்காந்தா தான் அதோட அருமை தெரியும். தனியா போகாதீங்க, முக்கியமா பொண்ணுங்க, ரெண்டு மூணு பேரா போங்க, அங்க போய் தள்ளி தள்ளி உக்காந்துக்கலாம். அலைய தடுக்க போட்டிருக்க கல்லு மேல ஏறாதீங்க, பாசி வழுக்கும். குளிக்கவே குளிக்காதீங்க, இந்த பக்கம் இழுப்பு ஜாஸ்தி, முட்டி அளவு தண்ணில நின்ன பசங்கள இழுத்துட்டு போயிருக்கு.

அப்புறம் மரியாதை. காயப்போட்டிருக்க வலைய செருப்புக்காலோட மிதிக்காதீங்க, கயித்த தாண்டாம சுத்திப் போங்க, கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க. நமக்கு அது தியானம் பண்ற எடம், அவங்களுக்கு ஆபீஸ்.

மொத இருபது நிமிஷம் பைபிள திறக்காதீங்க

இது தான் எல்லாருக்கும் கஷ்டமான ஸ்டெப். நமக்கு பழக்கம் என்னன்னா உக்காந்த உடனே சங்கீதம் திறந்து ரெண்டு வசனம் படிச்சு கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு எழுந்துடறது, கடல பார்த்தோமான்னு கேட்டா பார்க்கல. கண்ண மூடறதுக்கா பஸ் புடிச்சு அவ்ளோ தூரம் போனோம்?

சும்மா பாருங்க. காத்து எந்த பக்கத்துலேர்ந்து வருதுன்னு கன்னத்துல பாருங்க. விடியக்காலைல பெரும்பாலும் தரைலேர்ந்து கடலுக்கு போகும், ராத்திரில தரை சீக்கிரம் குளுந்துடும், கடல் மெதுவா தான் குளுரும், அதனால. மத்தியானம் தலைகீழ், தரை கொதிச்சு மேல எழும்புற காத்தோட எடத்துக்கு கடல்காத்து உள்ள வரும், மே மாசத்துல வண்ணாரப்பேட்டைல உக்காந்து நாம காத்துக்கிட்டிருக்கறது அதுக்கு தான். இயேசு நிக்கொதேமுகிட்ட காத்த பத்தி பேசினது ஞாபகம் வரும், "காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது", வந்தா வரட்டும், வரலன்னா விடுங்க. எபிரெய பாஷையில காத்துக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே வார்த்தை, ரூவாக். நம்ம தமிழ்லயும் ஆவின்னா இட்லி பானைலேர்ந்து வர்றதும் ஆவி தான், பரிசுத்த ஆவியும் ஆவி தான், நான் சண்டே கிளாஸ்ல இத சொன்னா பசங்க சிரிக்கும், ஆனா மறக்காது.

தண்ணி ஏறுதா எறங்குதான்னு ஒரு குச்சிய நட்டு பாருங்க. நம்ம கரையில ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமாருக்கு தான், அமாவாசை பௌர்ணமிக்கு கூட இருக்கும், தினமும் ஒரு அம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். மணல் மேல ஊதா பூவோட படர்ந்திருக்க கொடி தெரியுதா, அது அடம்பு. உருண்டையா முள்ளு முள்ளா காத்துல உருண்டு ஓடுறது ராவணன் மீசை. தூரத்துல கப்பலுங்க வரிசையா நிக்கும், துறைமுகத்துக்குள்ள போறதுக்கு நங்கூரம் போட்டு வெயிட்டிங். நூத்திநாலாம் சங்கீதத்துல சமுத்திரத்த பத்தி பாடிட்டு வர்றவர் நடுவுல "அதிலே கப்பல்கள் ஓடும்"னு ஒரு வரி போட்டுட்டு அடுத்த மூச்சுல லிவியாதான் அதுல விளையாடுதுன்னு சொல்றார், கப்பலும் மிருகமும் ஒரே லிஸ்ட்ல. விளையாடறதுக்காகவே ஒண்ண படைச்சாராம், இத நான் எத்தனையோ தடவ படிச்சிருக்கேன், ஒரு நாள் எண்ணூர் பக்கம் ரெண்டு டால்ஃபின் முதுகு தெரிஞ்சப்ப தான் அந்த வார்த்தை கண்ணுலயே பட்டுச்சு.

(டால்ஃபின் தெரிஞ்சா வேலை கிடைக்கும், மூணாவது அலை பெருசா வந்தா அந்த மாப்பிள்ளைக்கு ஓகே சொல்லலாம், இப்படி அடையாளம் கேக்கறவங்க இருக்காங்க. பண்ணாதீங்க. கடல் ஒண்ணும் சீட்டு எடுக்குற கிளி இல்ல.)

அங்க இருக்கறவங்ககிட்ட கேளுங்க

பைபிள்ல சீஷருங்கள்ல நாலு பேராவது மீன் புடிக்கறவங்க, நம்ம சர்ச்ல பிரசங்கம் பண்றவங்க முக்காவாசி பேரு படகுல ஏறினதே இல்ல. ராயபுரங்கற பேரே ராயப்பர்லேர்ந்து வந்ததுன்னு தான் பெரியவங்க சொல்லுவாங்க, ராயப்பர்னா பேதுரு, மீனவர் பேர்ல ஊரே இருக்கு, அங்க இருக்க புனித ராயப்பர் கோயில படகுக்கார சமுதாயம் தான் கட்டினாங்க. அவ்ளோ கிட்ட இருந்துக்கிட்டு கேக்காம இருந்தா எப்படி?

எனக்கு பழக்கமான ஒரு அண்ணன் இருக்கார், ஃபைபர் போட் வெச்சிருக்கார், கிறிஸ்தவர் இல்ல. ஒரு நாள் அவர்கிட்ட மாற்கு நாலாம் அதிகாரம் கதைய சொல்லி, புயல்ல படகுக்குள்ள தண்ணி ரொம்புது, அப்ப ஒருத்தர் தூங்கிட்டிருந்தாராம், நடக்குமாண்ணேன்னு கேட்டேன். "எங்க படுத்திருந்தாரு?"ன்னார். பைபிள்ல "பின்னணியத்தில்"னு இருக்குன்னேன். உடனே, "ஆங், அணியத்துல படுத்திருந்தா தூங்கியிருக்க முடியாதும்மா, முன்னாடி தான் தூக்கி தூக்கி அடிக்கும், பின்னாடி ஆட்டம் கம்மி, பகலெல்லாம் வேல செஞ்ச ஆளு தூங்கிடுவாரு"ன்னு சாதாரணமா சொல்லிட்டு போயிட்டார். நான் அப்படியே நின்னுட்டேன். அணியம்ங்கற வார்த்தைய நான் ஏதோ பழைய பைபிள் தமிழ்னு நெனச்சிட்டிருந்தேன், அவர் தினமும் பேசற வார்த்தை அது, படகோட முன்பக்கம். அதுவரைக்கும் இயேசு தூங்கினத ஒரு பெரிய விசுவாச அடையாளமா மட்டும் கேட்டிருக்கேன், அன்னிக்கு தான் அவர் களைச்சுப்போன மனுஷனா தெரிஞ்சார், ஆட்டம் கம்மியான எடமா பார்த்து படுத்தவர்.

இன்னொரு வார்த்தையும் சொல்லிக்குடுத்தார், தெற்கேர்ந்து வர்ற நீரோட்டம் தெண்டி, வடக்கேர்ந்து வர்றது வன்னி. கேளுங்க, நோட்ல எழுதிக்கோங்க. நாம அவங்களுக்கு சுவிசேஷம் சொல்லப் போறோம்ங்கற நெனப்போட போகாதீங்க, அது வேற நாளைக்கு. மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வரும், படகுக்கு பூஜை போடுவாங்க, நம்ம வேலை மரியாதையா தள்ளி நிக்கறது. பட்டினத்தார் சமாதி கூட திருவொற்றியூர் கடல் ஓரமா தான் இருக்கு, இந்த கரைக்கு கடவுள தேடி வந்தவங்கள்ல நாம மொத ஆளு இல்ல.

இப்ப வசனம்

ஒண்ண புரிஞ்சிக்கோங்க, கலிலேயா கடல்னு நாம சொல்றது கடலே இல்ல, நல்ல தண்ணி ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13, கடல் மட்டத்தவிட 200 மீட்டருக்கும் ஜாஸ்தியா தாழ்வுல கெடக்கு, சுத்தி மலை, அந்த மலைலேர்ந்து காத்து திடீர்னு எறங்கி தான் புயல் வரும். நம்ம பழவேற்காடு ஏரி அதவிட பெருசு. அதனால சுவிசேஷத்துல வர்ற கரைய மனசுல வரைஞ்சுக்க மெரினாவ விட பழவேற்காடு தான் சரி, முடிஞ்சா ஒரு நாள் போய்ட்டு வாங்க, 1515-ல போர்த்துகீசியர் ஆரம்பிச்ச மகிமை மாதா கோயிலும் அங்க இருக்கு.

நெசமான பெருங்கடல் பைபிள்ல வர்றப்ப பெரும்பாலும் பயத்தோட தான் வரும். ஆதியாகமம் ரெண்டாவது வசனத்துலயே ஆழத்தின்மேல் இருள். அப்புறம் புயல்ல கடலுக்குள்ள தூக்கிப் போடப்பட்ட யோனா. கடைசில வெளிப்படுத்தல்ல புது பூமி வர்றப்ப "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று". அந்த மீன்கார அம்மா சொன்னது தான் பைபிளோட மனசும், நான் தான் கவிதை எழுதிட்டிருந்தேன். மீகா கூட நம்ம பாவத்தையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்கள்ல போட்டுடுவார்னு சொல்றது எதுக்கு, அங்க போனது திரும்பி வராதுன்னு தான்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஒரு காலைக்கு ஒரே பகுதி எடுத்துக்கோங்க. லூக்கா 5, "இராமுழுவதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை", இத காசிமேட்ல ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு மேல போட்டுங்க வர்றப்ப, டீசல் காசு கூட தேறாம ஏறி வர்ற ஒருத்தர் மூஞ்சிய பார்த்துட்டு படிச்சுப் பாருங்க. சங்கீதம் 107, இருவத்தி மூணுலேர்ந்து முப்பது வரைக்கும், கப்பலேறி தண்ணில தொழில் பண்றவங்க ஆகாயத்துக்கு ஏறி ஆழத்துக்கு எறங்கறது, எழுதினவர் கண்டிப்பா வாந்தி எடுத்திருப்பார்னு நான் நம்பறேன்.

எனக்கு ரொம்ப புடிச்சது யோவான் 21. உயிர்த்தெழுந்த இயேசு விடியக்காலைல கரையில நின்னு "கரிநெருப்பு" போட்டு மீன் சுட்டு வெச்சிருக்கார், அப்பமும் இருக்கு, வாங்க சாப்பிடுங்கன்னு கூப்பிடறார். (எங்க சண்டே கிளாஸ் வாண்டு ஒண்ணு கேட்டுச்சு, ஆப்பத்துக்கு தேங்காப்பால் இருந்துச்சான்னு.) வலையில 153 பெரிய மீனு. அந்த நம்பருக்கு காலங்காலமா ஆளாளுக்கு அர்த்தம் சொல்லிட்டிருக்காங்க, நீங்க ஏலம் நடக்கற எடத்துல அரை மணி நேரம் நில்லுங்க, கூடைய கொட்டினதும் யாராவது ஒருத்தர் எண்ணிக்கிட்டே தான் இருப்பார். எண்ணாம எப்படி பங்கு பிரிக்கறது? எனக்கு அந்த விளக்கம் போதும். அதோட அந்த கரிநெருப்பு, அதே சுவிசேஷத்துல பதினெட்டாம் அதிகாரத்துல பேதுரு குளிர் காய்ஞ்சுக்கிட்டே அவர தெரியாதுன்னு சொன்னதும் கரிநெருப்பு கிட்ட தான். கருவாடு சுடற வாசனை வந்தா எனக்கு இப்ப பேதுரு ஞாபகம் வருது, கொஞ்சம் பசியும்.

அழகு இல்லாத எடத்துலயும் நில்லுங்க

வட சென்னை கடற்கரையில சும்மா அழக மட்டும் பார்த்துட்டு வர முடியாது. 1870கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சு கல்லு சுவர கடலுக்குள்ள நீட்டினாங்க, தெற்கேர்ந்து கரையோரமா நகர்ந்து வர்ற மணல அது தடுத்துடுச்சு, அந்த மணல் தேங்கி தான் மெரினா அவ்ளோ அகலமாச்சு, வடக்கால வர வேண்டிய மணல் வராம நம்ம கரைய கடல் தின்னுட்டே இருக்கு. தெரு தெருவா போயிருக்கு, இப்ப கல்லு கொட்டி, தூண்டில் வளைவு (கடலுக்குள்ள நீட்டின கல்லு வரிசை) போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க.

இத தெரிஞ்சுக்கிட்டு மத்தேயு ஏழாம் அதிகாரம் படிங்க, மணல்மேல வீடு கட்டின புத்தியில்லாத மனுஷன். இந்த கரையில நின்னு அந்த பிரசங்கத்த அப்படியே பண்ண எனக்கு மனசு வரல. இவங்க புத்தியில்லாம கட்டல, கட்டினப்ப மணல் அங்க இருந்துச்சு, அத எடுத்தது வேற யாரோட கட்டடமோ. அந்த உவமைய இயேசு வீட்டுக்காரங்கள திட்டறதுக்கு சொல்லல, வார்த்தைய கேட்டும் செய்யாதவங்களுக்கு தான் சொன்னார், கேட்டுட்டு செய்யாதவன் யாருன்னு யோசிச்சா விரல் வேற பக்கம் திரும்புது. எரேமியா அஞ்சாம் அதிகாரத்துல தேவன் மணல கடலுக்கு எல்லையா வெச்சேன்னு சொல்றார், எல்லைக்கல்ல நாம புடுங்கிட்டு கடல் மேல பழி போடறோம்.

எண்ணூர் கழிமுகத்துக்கும் போங்க. சாம்பல் படிஞ்ச தண்ணி, புகைபோக்கி, அதுக்கு நடுவுல இடுப்பளவு தண்ணில ஓலக்கூடைய பல்லுல கடிச்சுக்கிட்டு கையாலயே எறா தடவற இருளர் அக்காங்க. 2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை முழுக்க வந்துச்சு, பசங்க வாளில அள்ளினாங்க, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கழிமுகம் ஃபுல்லா மறுபடியும் எண்ணெய், வீட்டு சுவத்துல எல்லாம் கருப்பு கோடு. ரோமர் 8:22, சர்வ சிருஷ்டியும் ஏகமா தவிக்குதுன்னு பவுல் சொல்றத ஏசி ஹால்ல கேக்கறதுக்கும் அங்க மூக்க பொத்திக்கிட்டு நின்னு கேக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அங்க ஜெபம் வரலன்னா பரவால்ல, தவிப்பும் ஜெபம் தான்னு அதே அதிகாரம் கொஞ்சம் தள்ளி சொல்லுது, வாக்குக்கடங்காத பெருமூச்சுன்னு.

ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைங்க முட்டை போட வரும். 2025 ஜனவரில நூத்துக்கணக்குல செத்து ஒதுங்கினத பார்த்திருப்பீங்க. செத்த ஆமைய பார்த்தா தொடாதீங்க, வனத்துறைக்கு சொல்லுங்க. உயிரோட குஞ்சு பார்த்தா டார்ச் அடிக்காதீங்க, வெளிச்சம் இருக்க பக்கம் தான் அதுங்க போகும், ரோட்டு லைட்ட கடல்னு நெனச்சு ஏமாந்துடும். கையில ஒரு கோணிப்பை எடுத்துட்டு போய் அறுந்த வலைத்துண்டையும் கவரையும் பொறுக்கிட்டு வாங்க, ஏதேன் தோட்டத்துல ஆதாமுக்கு குடுத்த வேலையே "பண்படுத்தவும் காக்கவும்" தான், அது தியானத்துல சேராதுன்னு யார் சொன்னா.

பயம் வந்தா

எங்க ஆயா 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் ரொம்ப வருஷம் கடல பார்த்து உக்கார மாட்டாங்க, முதுக காட்டி தான் உக்காருவாங்க. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள், கோயிலுக்கு கெளம்பிட்டிருந்த நேரம். "ஏன் ஆயா ஆண்டவர் விட்டார்"னு கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க, சங்கீதம் 77 பத்தொன்பத மட்டும் சொல்லுவாங்க, "உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று." அத விளக்கவும் மாட்டாங்க. உங்க கூட வர்றவங்கள்ல யாராவது அன்னிக்கு ஆளை இழந்தவங்களா இருக்கலாம், நம்ம பக்கம் அது சகஜம், அதனால கடல பார்த்து உடனே அல்லேலூயா பாடணும்னு யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க. சீஷருங்களே "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா"ன்னு அவர எழுப்பி கேட்டிருக்காங்க. "இரையாதே, அமைதலாயிரு"ன்னு முதல்ல காத்த தான் அதட்டினார், அப்புறம் தான் அவங்ககிட்ட ஏன் பயப்பட்டீங்கன்னு கேட்டார்.

வீட்டுக்கு வந்து மூணு வரி எழுதுங்க போதும், என்ன பார்த்தேன், யார் என்ன சொன்னாங்க, எந்த வசனம் ஒட்டுச்சு. மூணாவது பல நாள் காலியா இருக்கும். பைபிள ஜிப் கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, உப்புக்காத்துல பேப்பர் நமுத்துடும், என்னோடது மாற்கு பக்கத்துல இன்னும் மணல் இருக்கு.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், பெரிய போட்டுங்க எல்லாம் கட்டிக் கெடக்கும், ஒண்ணும் பார்க்க இருக்காதுன்னு நெனச்சு போகாம இருக்காதீங்க, எனக்கு புடிச்ச சீசனே அது தான். பெயின்ட் அடிப்பாங்க, வலைய விரிச்சு கிழிஞ்சத பின்னுவாங்க. செபெதேயு பசங்கள இயேசு கூப்பிட்டதும் இந்த மாதிரி வலைய பழுது பார்த்துட்டிருந்தப்ப தான். போன மே மாசம் நான் நோட்ட வெச்சுக்கிட்டு நின்னத பார்த்து ஒரு தாத்தா, "சும்மா தான நிக்கிற, இந்த முனைய புடிம்மா"ன்னு வலைய கையில குடுத்துட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல புடிச்சுக்கிட்டே இருந்தேன், அவர் பின்னிட்டே பேரனுக்கு பொண்ணு பார்க்கற கதைய சொன்னார். அன்னிக்கு பைபிள திறக்கவே இல்ல.